வெயிலுக்கு முன்னால் ஒரு நடை: அரியமங்கலத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்திருப்போம். திருச்சிக்காரர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே பங்குனி பிறந்ததுமே ரோட்டில் தார் இளக ஆரம்பித்துவிடும். ஆனாலும் இந்த ஊரின் சரித்திரத்தில் மிகப் பெரிய நடை தொடங்கியது இதே பருவத்தில்தான். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். கண்டோன்மென்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் விடியற்காலையில் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 150 மைல் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறு போடுபவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் அறிவித்திருந்தும் ஜனங்கள் விடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம். ஊரின் கிழக்குக் கோடியான அரியமங்கலத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை நடந்தாலே ஆயிரத்து நானூறு வருடத்தைத் தாண்டிவிடலாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

அரியமங்கலம் என்றதும் பலருக்கு நினைவு வருவது குப்பைக் கிடங்குதான். சுமார் 47 ஏக்கரில் பல பத்தாண்டுகளாக மாநகரத்தின் குப்பை இங்கேதான் வந்து சேர்ந்தது. ஆனால் இந்தப் பக்கம் வயலாக இருந்த காலத்தில் தண்ணீர் கொடுத்தது உய்யக்கொண்டான் வாய்க்கால். ராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படும் இது, பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடுகிறது. நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையும் அதில் கலந்துவிடுகிறது. பஸ்ஸில் போகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடுவார். நடந்து போகிறவருக்குத்தான் ஆயிரம் வருட வாய்க்கால் என்ன கதியில் இருக்கிறது என்பது தெரியும். மலைக்கோட்டையைக் காப்பாற்றும் அக்கறையில் கால்வாசி இதன்மேல் இருந்தால்கூடப் போதும்.

மேற்கே நடந்தால் வரகனேரி. 1881 ஏப்ரல் 2 அன்று வ.வே.சு. ஐயர் பிறந்த ஊர். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகித் திரும்பியவர். அடுத்து காந்தி மார்க்கெட். மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தால் பெரிய கடை வீதி வந்துவிடும்.

இந்த இடத்தில் ரோட்டின் பெயரைக் கவனிக்க வேண்டும். மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு. புலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! ஆங்கிலேயர் வைத்த 'பூல்வார்டு' நம் வாயில் புலிவார்டு ஆகிவிட்டது. நாயக்கர் காலக் கோட்டையின் மதிலை 19ஆம் நூற்றாண்டில் இடித்து, அகழியைத் தூர்த்ததால் கிடைத்த சாலைகள் இவை. மிச்சம் இருப்பது மெயின்கார்டு கேட். அதன் வழியாக உள்ளே போகும்போதுதான் இது ஒரு காலத்தில் மூடிய நகரம் என்பது புரிகிறது. 1751இல் இந்த மதிலுக்கு உள்ளே முகமது அலி, வெளியே பிரெஞ்சுப் படையோடு சந்தா சாகிப். முற்றுகையைத் தளர்த்தத்தான் கிளைவ் ஆற்காட்டைத் தாக்கினான். மறு வருடம் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். அவர் அடக்கமாகி இருப்பது மதுரை ரோடு பக்கம் உள்ள நத்தர்வலி தர்காவில். பிடிக்க வந்த ஊரிலேயே அவருக்கு ஆறடி நிலம் கிடைத்தது.

தெப்பக்குளத்தருகே பாதிரியார் ஸ்வார்ட்ஸ் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. கல்கத்தா பிஷப் ஹீபர் 1826 ஏப்ரல் 3 காலையில் கோட்டைக்குள் தமிழ்ச் சபையாரைச் சந்தித்துவிட்டுத் திரும்பினார். வெயிலுக்குக் குளிக்கலாம் என்று தொட்டியில் இறங்கியவர் உயிரோடு வெளியே வரவில்லை. வயது 42. புனித யோவான் ஆலயத்தில் கல்லறை இருக்கிறது. திருச்சி வெயிலை லேசாக நினைக்கக் கூடாது.

மலையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஓடுகிறவர்கள் வழியில் இருக்கும் மகேந்திரவர்மனின் குடைவரையைத் தவற விடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. கங்காதரர் சிற்பத்தின் பக்கத்துக் கல்வெட்டில் ஒரு குறும்பு உண்டு. ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியைப் பார்த்து மயங்கிவிடுவாரோ என்று பார்வதி பயந்து, இந்த ஆறு பல்லவனுக்குச் சொந்தம் என்று நினைவூட்ட மலைக்கே வந்து குடியேறினாளாம். சோழ நாட்டு ஆற்றைத் தன்னுடையது என்று சொல்ல பல்லவன் கண்டுபிடித்த வழி அது.

அந்தக் காவிரி சித்திரையில் பெரும்பாலும் மணல்தான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு நாள் என்பதால் அதற்கு முன் பாலத்தில் நிற்பவருக்கு இரண்டு கரையும் எவ்வளவு தூரம் என்பது நன்றாகத் தெரியும். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தது இந்தத் தீவில்தான். அப்போது கோயில் மதில்களே அவர்களுக்குக் கோட்டை.

தெற்கு ராஜகோபுரம் அன்று மொட்டையாக நின்றிருக்கும். நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்றுபோன வேலை அது. அகோபில மடம் 44ஆம் பட்டம் ஜீயர் முயற்சியில் 13 நிலை, 236 அடியாக உயர்ந்து 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு கண்டது. அதைத் தாண்டினால் வீடும் கடையுமாகத் தெருக்கள், பிறகு சித்திரை வீதி. சித்திரைத் தேரன்று சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் முதல் நாள் இரவே வந்து இந்த வீதிகளில் படுத்துக்கொள்வார்கள். தேர் வெயிலுக்கு முன் புறப்பட்டுவிடும்.