ரெண்டு கட்டை தூரத்திலிருந்து வந்த பார்சல்

போன மாதம் எங்கள் வாசிப்பு அறைக்கு ஒரு பார்சல் வந்தது. பழைய பால்மாப் பெட்டியை மண்ணிறக் கடதாசியால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அனுப்பிய இடம் காரைதீவு. சாய்ந்தமருதிலிருந்து ரெண்டு கட்டைகூட வராது, சைக்கிளில் பத்து நிமிடம். "இவன் என்னத்துக்கு இதத் தபால்ல போட்டிரிக்கான்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எல்லாருக்கும் தெரியும்.

அனுப்பியவன் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் எங்களோடு படித்த தமிழ் நண்பன். பெருநாளைக்கு எங்கள் வீடுகளில் வட்டிலப்பம் தின்றவன், தைப்பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டவன். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது வீடொன்றில் குண்டுகள் வெடித்து, ஆறு சிறுவர்கள் உட்பட 15 பேர் செத்த பிறகு போக்குவரத்துக் குறைந்தது. அந்த ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி ஒரு பக்கம் உண்ணாவிரதம், அதை எதிர்த்து மறுபக்கம் சத்தியாக்கிரகம். நாங்களும் அவனும் சண்டை பிடிக்கவில்லை. பேசாமல் விட்டோம், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் மூன்று சாமான்கள். ஒரு பை அரிசி, ஒரு மருதமுனைச் சாரன், ஒரு பழைய புத்தகம். புத்தகம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1963இல் வெளியிட்ட 'இலங்கையில் இஸ்லாம்'. உள்ளே ஒரு துண்டு: "அம்மப்பாட அலுமாரிக்குள்ள கிடந்தது மச்சான். உங்கட அறையில இல்லையெண்டு ஒருக்காச் சொன்னீங்க." நாங்கள் அதைச் சொன்னது பல வருடங்களுக்கு முந்தி. சொன்ன எங்களுக்கே மறந்துபோயிற்று.

இந்த மூன்றையும் ஏன் ஒன்றாகக் கட்டினான் என்பது அஸீஸின் கதையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அஸீஸ் எங்கள் ஊரார் அல்ல. 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாட்டுக்குச் சோறு வேண்டும், கிழக்கில் நெல் விளைய வேண்டும். அந்த வேலைக்காகத்தான் அஸீஸை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பினார்கள். அம்பாறை மாவட்டம் என்று ஒன்று அப்போது இல்லை, அது 1961இல்தான் வந்தது. மட்டக்களப்பின் தெற்குப் பகுதியாகவே இந்தக் கரை இருந்தது.

நெல்லுக்கு வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். வயல் இருந்தும் பள்ளிக்கூடம் எட்டாத முஸ்லிம் பிள்ளைகள். அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சிதான் 1945இல் உருவான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. இந்தக் கரையில் இருந்த நாட்களில்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் உண்டானது. அடுத்த வருடம் சுவாமி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அஸீஸ் பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார்.

யாழ்ப்பாணத்து முஸ்லிமும் காரைதீவுத் துறவியும் நட்பானது அன்றைக்குப் பெரிய அதிசயமாக இருந்திருக்காது. இன்றைக்கு எங்களுக்கு அதிசயமாகத் தெரிகிறது என்றால், கோளாறு இடையில் வந்த வருடங்களில். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்களைக் கொன்றார்கள். ஒக்டோபரில் அஸீஸ் பிறந்த ஊரிலிருந்தே முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அது எங்களுக்குக் கேட்ட கதை. 2019 நாங்கள் கண்ட கதை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து, கீழே 1964. நண்பனின் அம்மப்பா ஒரு தமிழ் ஆசிரியர். முஸ்லிம்களின் வரலாற்றைக் காசு கொடுத்து வாங்கி, வாசித்து, அங்கங்கே பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். 1990 வந்தது, அந்தப் புத்தகம் அலுமாரியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி காரைதீவையும் அடித்தது, அப்போதும் இருந்தது. அந்த அலைதான் எங்கள் வீடுகளின் புத்தகங்களையும் மருதமுனையின் தறிகளையும் கொண்டுபோனது. எங்கள் வரலாற்றை நாங்கள் தொலைத்திருந்த காலம் முழுக்க ஒரு காரைதீவு வீடு அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

தமிழ்–முஸ்லிம் உறவு என்று மேடையில் பேசும்போது நாங்கள் அறிக்கை, தீர்மானம், எல்லை நிர்ணயம் என்றுதான் பேசுகிறோம். அவையும் வேணும். ஆனால் பக்கத்து ஊர்க்காரன் எங்களுக்கு என்ன இல்லை என்று ஞாபகம் வைத்திருந்தானே, அது எந்தத் தீர்மானத்திலும் எழுதப்படாதது. நாங்கள் அவனுக்கு எதை ஞாபகம் வைத்திருந்தோம்? இந்தக் கேள்விதான் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து எங்களைக் குடைகிறது.

வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் உம்மாமாரின் சட்டம். என்ன கொடுப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தபாலில் போடுவதில்லை என்பது மட்டும் முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, சைக்கிளில் போகிறோம்.