கட்டக்கோரையும் கல்லீரல் செல்லும்

கல்லீரலில் ஒரு விசித்திரம் உண்டு. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் சில வாரங்களுக்குள் பழைய அளவுக்கு வளர்ந்து விடும். 1931லேயே ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அதே செல்களைத் தனியே பிரித்து கண்ணாடித் தட்டில் போட்டால்? ஓரிரு நாளில் தட்டையாகி, வேலையை மறந்து, செத்துப் போகும்! உடம்புக்குள் இவ்வளவு கெட்டிக்காரச் செல் வெளியே வந்தால் இப்படி நோஞ்சான் ஆவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இது.

1969ல் பெர்ரியும் ஃபிரெண்டும் கொலாஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு எலியின் கல்லீரல் செல்களை உயிரோடு பிரித்தெடுத்தனர். பிரிக்கத் தெரிந்து விட்டது, வளர்க்கத்தான் தெரியவில்லை. செல்லுக்கு உணவு மட்டும் போதாது, பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஜப்பானில் அகைகே குழுவினர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் பால் சர்க்கரையைக் கோர்த்தார்கள். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் கேலக்டோஸைப் பிடிக்கும் 'கை' இருப்பதால் அது ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. 1989ல் அமெரிக்காவில் டன், யார்மஷ் முதலானோர் இரண்டு கொலாஜன் அடுக்குகளுக்கு நடுவே செல்களை வைத்தார்கள். சான்ட்விச் மாதிரிதான்! ஆறு வாரம் வரை அவை ஒழுங்காக வேலை செய்தன.

இனி நம்ம ஊர்க் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஒன்று கட்டக்கோரை. இந்தப் பழுப்புப் பாசியிலிருந்து வருவது ஆல்ஜினேட். இயற்கையே செய்து வைத்த பாலிமர். 1881ல் ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் கண்டறிந்தது. துணி அச்சுக்கும் ஐஸ்கிரீமுக்கும் பயன்படுகிற சாதாரணச் சரக்கு. இதன் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் நீரில் விட்டால் ஜவ்வரிசி போல மணிமணியாக உறையும். 1980ல் லிம், சன் இருவரும் கணையச் செல்களை இப்படி மணிக்குள் அடைத்தார்கள்.

கல்லீரல் செல்லுக்கு இது வர நாளானது. ஐதராபாத்தில் ஹபீபுல்லா குழுவினர் கல்லீரல் திடீரெனச் செயலிழந்த நோயாளிகளின் வயிற்றறைக்குள் கல்லீரல் செல்களைச் செலுத்தியதை 1994ல் வெளியிட்டனர். ஆனால் அவை கவசம் இல்லாத செல்கள். கவசம் தந்தது லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அனில் தவான் குழு. மணியின் துளை வழியே சத்தும் கழிவும் போய்வரும். உடம்பின் எதிர்ப்புச் செல்கள் உள்ளே நுழைய முடியாது. ஹெர்பிஸ் வைரஸால் கல்லீரல் செயலிழந்த ஒரு பச்சிளங்குழந்தைக்கு இந்த மணிகளைச் செலுத்தியதும், அந்த இடைவெளியில் குழந்தையின் சொந்தக் கல்லீரலே தேறியதும் 2011ல் செய்தியானது. 2020ல் வந்த ஆய்வில் எட்டுக் குழந்தைகள். நான்கு பேருக்கு மாற்று அறுவையே தேவைப்படவில்லை.

எட்டு என்பது சின்ன எண்ணிக்கைதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மணிக்குப் பாசி கடலில் கிடைக்கும். உள்ளே வைக்க வேண்டிய செல்லோ, இறந்தவர்கள் தானமாகத் தந்து மாற்று அறுவைக்கு உதவாமல் ஒதுக்கப்பட்ட கல்லீரலில் இருந்துதான் வந்தாக வேண்டும்.