சர்வோ அட்டை: மூலமும் உரையும்

பழைய பதிப்புகளின் முகப்பில் ‘மூலமும் உரையும்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே மூலம் நாலு வரி, உரை நாலு பக்கம். சாகசம் செய்யும் ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) விமானத்துக்கு, அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும் சர்வோ வாங்கப் போகிறவருக்கும் மூலம் ஐந்தே வரிதான். அதற்கு உரை எழுதத்தான் ஆளில்லை. பலரும் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நன்னூல் காண்டிகை உரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்று ஐந்து உறுப்புகள் சொல்கிறது. முடிந்தவரை அந்த வழியில் போவோம்.

எடுத்துக்கொண்ட மூலம், டவர்ப்ரோ எம்ஜி90எஸ் என்ற சிறு சர்வோவின் விவரத்தாள். விலை மலிந்த வகையில் உலகெங்கும் புழங்குவது இது.

எடை: 13.4 கிராம்.
இயங்கு மின்னழுத்தம்: 4.8 முதல் 6 வோல்ட்.
ஸ்டால் டார்க்: 1.8 கிலோ-செ.மீ. (4.8 வோல்ட்), 2.2 கிலோ-செ.மீ. (6 வோல்ட்).
வேகம்: 60 டிகிரிக்கு 0.1 வினாடி (4.8 வோல்ட்), 0.08 வினாடி (6 வோல்ட்).
டெட் பேண்ட்: 5 மைக்ரோ வினாடி.

உரைக்குக் காட்டாக ஒரு விமானமும் வேண்டும். இறக்கையின் முழு நீளம் 1.2 மீட்டர், எடை ஒரு கிலோவை ஒட்டி, மூன்று செல் லைபோ பேட்டரியில் பறக்கும் 3டி விமானம் (பரப்புகளைப் பெரிய கோணத்தில் திருப்பிச் சாகசம் செய்வது) என்று வைத்துக்கொள்வோம். இறக்கைகளில் உள்ள ஏலரானுக்கு இரண்டு, வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு ஒன்று, மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடருக்கு ஒன்று, ஆக 4 சர்வோ.

எடை: 13.4 கிராம்

கருத்து: இந்த எண்ணைவிட, பெயரில் ஒளிந்திருக்கும் ‘எம்ஜி’ என்ற இரண்டு எழுத்தே முக்கியம். அது மெட்டல் கியரைக் குறிக்கும். இதன் தம்பியான எஸ்ஜி90 நைலான் பற்களோடு 9 கிராமில் நின்றுவிடும். நான்கு சர்வோவுக்கும் சேர்த்து வித்தியாசம் 18 கிராமுக்குள். ஒரு கிலோ விமானத்துக்கு அது பொருட்டே அல்ல. 200 கிராம் ஃபோம் விமானத்துக்குப் பெரும் பாரம்.

வினா: உலோகப் பல் என்றால் உடையாது, ஆகவே கவலையில்லை அல்லவா?
விடை: பாதி சரி. தரையிறங்கும்போது ஏலரான் புல்லில் தட்டினால் நைலான் பல் சட்டென்று சிதறும், உலோகம் தாங்கும். ஆனால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். தேயத் தேயப் பற்களுக்கு இடையே பிளே, அதாவது தளர்ந்த ஆட்டம், கூடும். நைலான் சொல்லிவிட்டுச் சாகும், உலோகம் சொல்லாமல் தேயும். உலோகப் பல் போட்டவர் மாதம் ஒருமுறை சர்வோவின் ஆர்மை (அச்சில் மாட்டிய கையை) பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

இயங்கு மின்னழுத்தம்: 4.8 முதல் 6 வோல்ட்

இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். அடுத்த இரண்டு வரிகளுக்கும் சாவி இதுதான். நம் விமானத்தில் சர்வோவுக்கு மின்சாரம் தருவது ஈஎஸ்சிக்குள் (மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்திக்குள்) இருக்கும் பிஇசி, அதாவது பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று. சிறிய ஈஎஸ்சிகளில் அது பெரும்பாலும் 5 வோல்ட் தருவது. அப்படியானால் கீழே ‘6 வோல்ட்டில்’ என்று போட்டிருக்கும் கவர்ச்சியான எண்கள் உங்களுக்கானவை அல்ல. 4.8 வோல்ட் பகுதியைப் படிப்பதே நேர்மை.

மேல் எல்லையும் ஒரு கட்டளை. இரண்டு செல் லைபோ முழுதாகச் சார்ஜ் ஏறினால் 8.4 வோல்ட். அதை நேராகத் தாங்கும் ஹெச்.வி. (உயர் மின்னழுத்த) சர்வோக்கள் தனி ரகம். இந்தச் சர்வோவை அதில் மாட்டினால் கருகும்.

மின்னழுத்தம் மட்டுமா, மின்னோட்டம் எவ்வளவு என்று மூலம் சொல்லவில்லை. இந்த அளவுச் சர்வோ ஒன்று அசைய முடியாமல் தடைபட்டால் முக்கால் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் திணறினால் 3 ஆம்பியர். லீனியர் வகை பிஇசி, பேட்டரியின் 11.1 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும்போது மிச்சத்தை வெப்பமாகவே கொட்டும். ஆம்பியருக்கு 6 வாட். அது சூடேறிச் சோர்ந்தால் மின்னழுத்தம் சரியும், ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறும். அந்த இடைவெளியில் விமானம் யார் பேச்சையும் கேட்காது. ‘சர்வோ செத்துவிட்டது’ என்று தரையில் சொல்லப்படும் கதைகளில் பல, உண்மையில் பிஇசி செத்த கதைகள். ஆகவே நல்ல சர்வோவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஸ்விட்சிங் வகை பிஇசிக்குக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

ஸ்டால் டார்க்: 1.8 கிலோ-செ.மீ.

பதப்பொருள்: சர்வோவின் அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.8 கிலோ எடையைத் தொங்கவிட்டால் சர்வோ அதைத் தூக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நிற்கும். 2 செ.மீ. தள்ளினால் 900 கிராமுக்கே நின்றுவிடும். ‘ஸ்டால்’ என்ற சொல் விமானிகளுக்கு வேறொரு பொருளில் பழக்கம்: இறக்கை தூக்குவிசையை இழப்பது. இங்கே அது மோட்டார் ஓட்டத்தை இழப்பது. ஆக மூலம் சொல்வது சர்வோ வேலை செய்யும் விசையை அல்ல, வேலையை நிறுத்தும் விசையை. மூட்டை தூக்குபவர் ‘இதற்கு மேல் ஒரு கைப்பிடி அரிசி வைத்தாலும் விழுவேன்’ என்று சொல்லும் கணக்கு அது. அன்றாடக் கூலிக்கு அதில் பாதியைத்தான் ஏற்ற வேண்டும்: 0.9 கிலோ-செ.மீ.

காட்டு: நம் விமானத்தின் ஏலரான் 45 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அது 30 டிகிரி அளவுக்குத் திரும்பினால், கீல் அச்சில் காற்று தரும் முறுக்கு தோராயமாக 1.3 கிலோ-செ.மீ. சர்வோ ஆர்மில் 10 மி.மீ. துளையிலும் ஏலரான் ஹார்னில் (ஏலரானில் பதித்த கொம்பில்) 15 மி.மீ. துளையிலும் இரண்டையும் இணைக்கும் புஷ்ராடை மாட்டினால் சர்வோவுக்கு வந்து சேர்வது அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 0.9. பாதிக் கணக்குக்குள் அடங்கிவிட்டது.

இப்போது 3டி ஆசை வருகிறது. ஏலரான் இன்னும் அதிகம் திரும்ப வேண்டும் என்று ஆர்மை 18 மி.மீ. ஆக்குகிறோம். அதே காற்றில் சர்வோ மேல் விழும் சுமை இப்போது 1.6, நிற்கும் எல்லைக்குப் பக்கம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் 20 மீட்டர் வேகம் 28 ஆனால் சுமை இரட்டிக்கும். அப்போது ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினாலும் காற்று ஏலரானைத் திருப்பித் தள்ளிவிடும்.

வினா: அப்படியானால் 3டி பறப்பவர்கள் இதே சர்வோவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
விடை: ஹோவரும் (மூக்கை மேலே வைத்து ஓரிடத்தில் தொங்குவது) ஹாரியரும் (மூக்கைத் தூக்கியபடி நகர்வது) மெதுவாகச் செய்பவை. அங்கே கோணம் பெரிது, காற்று சிறிது. ஆபத்து, பெரிய கோணத்தை வைத்துக்கொண்டே வேகமாகக் கீழே பாய்ந்து இழுக்கும்போதுதான். அதற்குத்தான் ட்ரான்ஸ்மிட்டரில் கோணத்தைக் குறைத்துக்கொள்ளும் டூயல் ரேட் ஸ்விட்ச் இருக்கிறது. ஆர்மில் சரியான துளையைத் தேர்வதும் அந்த ஸ்விட்சும் காசில்லாமல் கிடைக்கும் டார்க்.

வேகம்: 60 டிகிரிக்கு 0.1 வினாடி

சுருக்கமாகப் போகலாம். இது ஆர்மில் எந்தச் சுமையும் இல்லாதபோது எடுத்த கணக்கு. சாதாரண டிசி மோட்டாரின் இயல்புப்படி, சுமை ஸ்டால் டார்க்கில் பாதி ஆனால் வேகமும் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே காற்றில் இது 0.2 வினாடிச் சர்வோ. டார்க் வரியையும் வேக வரியையும் தனித்தனியே படிப்பது, ஒரு குறளின் இரண்டு அடிகளைத் தனித்தனியே படிப்பதைப் போன்றது. டார்க் தாராளமாக இருக்கும் சர்வோதான் காற்றிலும் வேகமாக இருக்கும்.

டெட் பேண்ட்: 5 மைக்ரோ வினாடி

மூலத்திலேயே சிறிய வரி. சாகச விமானத்துக்கு இதுவே உயிர் வரி.

பதப்பொருள்: ரிசீவர் சர்வோவோடு பேசும் மொழி துடிப்புகளின் நீளம். 1500 மைக்ரோ வினாடி என்றால் நடு, 1000 ஒரு கோடி, 2000 மறுகோடி. அந்த 1000 மைக்ரோ வினாடி வீச்சுக்குள் சர்வோ ஏறத்தாழ 90 டிகிரி சுற்றும். 5 மைக்ரோ வினாடிக்குக் குறைவான மாற்றத்தை அது கண்டுகொள்ளாது. கோணத்தில் அது 0.45 டிகிரி. நம் 10-க்கு 15 இணைப்பில் ஏலரானில் 0.3 டிகிரி. மோசமில்லை.

ஆனால் இது மின்சுற்றின் பிடிவாதம் மட்டும். கியரின் பிளே இதில் சேரவில்லை. ஆர்மின் 10 மி.மீ. துளையில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் அதுவே ஆர்மில் கிட்டத்தட்ட 3 டிகிரி. ஏலரானில் 2 டிகிரி. அட்டைக் கணக்கில் வந்த 0.3 எங்கே, இது எங்கே!

நடுவுக்குத் திரும்பாத எலிவேட்டரை ஒரு லூப்பிலேயே அறியலாம். லூப்புக்கு முன் நேராகப் போன விமானம், லூப் முடிந்ததும் லேசாக மூக்கைத் தூக்கும். ட்ரிம் போட்டுச் சரிசெய்தால் அடுத்து ஒருமுறை தள்ளியதும் மூக்கைத் தாழ்த்தும். பறப்பவர் தன் கையைத்தான் முதலில் சந்தேகிப்பார். பிளே மிகுந்தால் வேகத்தில் கட்டுப்பாட்டுப் பரப்பு படபடக்கத் தொடங்கி, கீல் கழன்று போவதும் உண்டு.

‘டிஜிட்டல்’ என்று போட்டு விற்பது இந்த இடத்தில்தான் உதவும். அனலாக் சர்வோ மோட்டாருக்கு நொடிக்கு 50 முறை ஆணை தரும். டிஜிட்டல் நூற்றுக்கணக்கான முறை தரும். நடுவுக்கு அருகே பிடி இறுகும், மின்சாரமும் கூடுதலாகப் போகும். தேய்ந்த பல்லை மட்டும் டிஜிட்டலால் குணமாக்க முடியாது.

எச்சம்: மூலம் சொல்லாதது

ஓர் ஒப்புமை. பல மடங்கு விலையுள்ள ஹைடெக் எச்எஸ்-65எம்ஜி சர்வோவின் அட்டையிலும் டார்க் 1.8, 2.2 என்றே இருக்கும். வேகமோ 0.14, 0.11. தாளை மட்டும் பார்த்தால் விலை மலிந்ததே வேகமானது! அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? அட்டையில் இல்லாதவற்றுக்கு. ஒவ்வொரு முறையும் அதே நடுவுக்குத் திரும்புவது, பத்துச் சர்வோ வாங்கினால் பத்தும் ஒன்றுபோல் இருப்பது, பல் தேய நாளாவது. மலிவு விலைச் சர்வோவும் நன்றாக இருக்கலாம்; எது நன்றாக இருக்கிறது என்று சோதிக்கும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. மலிவானவற்றின் பெயரில் போலிகளும் புழங்குவதால் அந்த வேலை இரட்டிப்பு.

சோதனை எளிது. சர்வோ ஆர்மில் 10 செ.மீ. ஸ்ட்ரா ஒன்றை ஒட்டுங்கள். பின்னால் வெள்ளைத் தாள். ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளி விட்டு, ஸ்ட்ரா நின்ற இடத்தைக் குறியுங்கள். வலப்பக்கம் தள்ளி விட்டு மறுபடி குறியுங்கள். 1 மி.மீ. விலகல் என்றால் 0.6 டிகிரி. பிறகு ஸ்ட்ராவின் நுனியை விரலால் மெல்ல ஆட்டிப் பிளேயை அளந்து பாருங்கள். கடைசியாகச் சர்வோ டெஸ்டரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூட்டையும் சத்தத்தையும் கவனித்து, மறுபடி குறியுங்கள்.

தீர்ப்பு: நான்கு வேண்டுமென்றால் மலிவு வகையில் ஆறு வாங்கிச் சோதியுங்கள். ஒன்றுபோல் நிற்கும் இரண்டு ஏலரானுக்கு, அடுத்தது ரடருக்கு. ஏலரான் சர்வோ ஒன்று போனாலும் மற்றொன்றை வைத்துப் பெரும்பாலும் இறக்கிவிடலாம். ஒற்றை எலிவேட்டர் சர்வோ போனால் விமானமே போயிற்று. ஆகவே பிஇசிக்குப் போக மிஞ்சும் கூடுதல் பணம் முழுவதும் எலிவேட்டருக்கு: அங்கே பெயர்பெற்ற, விலை கூடிய ஒன்றைப் போடுங்கள், அதையும் அதே ஸ்ட்ராவில் சோதித்த பிறகு. எதிலும் தேறாதவற்றை மெதுவாகப் பறக்கும் ஃபோம் பயிற்சி விமானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.