ராட்டினமும் நிலவுப் பயணமும்

காலத்தை வென்றது, காலத்தோடு போனது என்ற பாகுபாட்டை விமர்சகர்கள் நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். படைப்பின் உள்ளிருந்து சுரக்கும் ஒரு குணம் என்றே அதை எண்ணிக்கொள்கிறோம். யாரும் புனிதம் பாராட்டாத ஒரு துறையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்டது கேளிக்கைப் பூங்காக்களின் சரித்திரம்.

1901ல் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பொருட்காட்சியில் ஃபிரெடரிக் தாம்ஸன் நிலவுப் பயணம் ஒன்றை அமைத்தார். சிறகடிக்கும் கப்பலில் ஜனங்கள் அமர, நயாகரா கீழே நழுவும்; நிலவு நெருங்கி வரும். மறு ஆண்டு அது கோனி ஐலண்டுக்குப் போயிற்று. 1903ல் அங்கே திறந்த லூனா பார்க்கின் பெரிய கவர்ச்சியும் அதுவே. 1955ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது அதே கனவு ராக்கெட் வடிவில் மறுபிறவி எடுத்தது. 1967ல் அதைப் புதுப்பித்தார்கள். இரண்டே ஆண்டில் மனிதன் மெய்யாகவே நிலவில் நடந்துவிட்டான். 1975ல் இலக்கைச் செவ்வாய்க்கு மாற்றிப் பார்த்தார்கள். 1992ல் மூடினார்கள்.

இதில் கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அடிப்படையில் இது வருங்காலத்தைப் பற்றிய ஒரு செய்தி. செய்தி பலித்தாலும் பழசாகிவிடுகிறது, பொய்த்தாலும் பழசாகிவிடுகிறது.

ராட்டினம் எந்தச் செய்தியும் சொல்வதில்லை. மேலே கொண்டுபோகிறது, உச்சியில் ஒரு கணம் அந்தரத்தில் வைக்கிறது, இறக்கிவிடுகிறது. பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி 1620லேயே துருக்கி சுல்தானின் ஆட்சிப் பகுதியில் அதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். 1893ல் சிகாகோவில் ஃபெரிஸ் அதை 264 அடி உயரத்தில், 36 பெட்டிகளுடன் இரும்பில் நிறுத்தினார். அளவு மாறியது; வயிற்றில் எழும் அந்தச் சிலிர்ப்பு மாறவில்லை.

உடம்போடு பேசுவது நிலைக்கும், செய்தி சொல்வது போகும் என்று இங்கேயே முடித்துக்கொண்டால் சௌகரியம். சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. ஃபெரிஸின் சக்கரத்தை 1906ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1897ல் வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் எழுந்த சக்கரம் இன்றும் சுற்றுகிறது. அதை இடிக்கவும் 1916ல் அனுமதி தரப்பட்டது. இடிக்கப் பணம் இல்லாததால் தப்பியது. பின்பு எட்வர்ட் ஸ்டைனர் என்ற வணிகர் அதைப் பிரித்துவிடும் எண்ணத்தில் வாங்கி, பிரிக்காமல் ஓடவிட்டார். அவர் யூதர். 1938ல் நாஜிகள் சக்கரத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1944ல் ஆஷ்விட்ஸில் அவரைக் கொன்றார்கள். போரில் எரிந்த சக்கரம், முப்பது பெட்டிகளில் பதினைந்தை மட்டும் மாட்டிக்கொண்டு 1947ல் மீண்டும் சுற்றத் தொடங்கியது.

இரண்டும் ஒரே வடிவம். ஒன்று போயிற்று, ஒன்று நிற்கிறது. வடிவம் நிலைப்பது வேறு கணக்கு. இந்த ஒரு சக்கரம் நிலைத்தது வேறு கணக்கு. முன்னதை வடிவத்தின் பேரில் வரவு வைக்கலாம். பின்னதில் காசில்லாத நிர்வாகமும், மனம் மாறிய ஒரு வணிகரும், மீண்டும் கட்டிய கைகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி 'அமரத்துவம்' என்று கூட்டுத்தொகை போடுவதைத்தான் நம் விமர்சனம் செய்துவருகிறது.

ஒரு நூலைக் காலத்தை வென்றது என்று எழுதும்போது, அதை எரியாமல் காத்தது யார், அச்சிட்டது யார், அதோடு பிறந்து தகர்க்கப்பட்டவை எவை என்றும் கேட்கவேண்டும். வியன்னாவில் காலத்தை வென்ற சக்கரத்தின் சொந்தக்காரரைக் காலம் கொல்லவில்லை.