நெய்வேலி அனல்மின் நிலையங்கள்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள். தூத்துக்குடி, வடசென்னை நிலையங்களுக்கு ஒடிசா நிலக்கரி கப்பலேறி வருகிறது. நெய்வேலியிலோ எரிபொருள் காலடியிலேயே கிடக்கிறது.

லிக்னைட் எனப்படும் இந்தப் பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுத்தால் கல்லைப் போலிராது. மட்கிய மரக்கட்டை போலப் பழுப்பாக, ஈரமாக இருக்கும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். குவித்துப் போட்டால் தானே புகைந்து தீப்பிடிக்கும் என்பதால் குவியல்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இப்படிப்பட்ட சரக்கை ரயிலேற்றித் தொலைதூரம் அனுப்புவது கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் ஓரத்திலேயே மின்நிலையம் எழுந்தது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருந்துகள்கள் வெளிப்பட்டன; நெய்வேலியின் கதை தொடங்குவது அங்கேதான். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1961இல் லிக்னைட் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே சோவியத் உதவியுடன் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்த அந்த முதல் நிலையம், அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து 2020இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை 1000 மெகாவாட் புதிய நிலையம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் நிலையத்தின் திறன் 1470 மெகாவாட். இங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தில் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

பொடியாக்கிய லிக்னைட் கொதிகலனுக்குள் ஊதப்பட்டு எரிகிறது. அந்தச் சூட்டில் 500 டிகிரிக்கு மேல் சூடேறும் நீராவி, சுழலியை நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றவைக்கிறது. எரிபொருளின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்றதில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே ஆவியாய்ப் போய்விடுகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ லிக்னைட் செலவாகிறது. கரியமில வாயுவும் கிலோ கணக்கில் காற்றில் கலக்கிறது. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் நிலையக் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களில் அடக்கம்.

நெய்வேலியின் பெரிய சிக்கல் தண்ணீர். லிக்னைட் படிவத்துக்கு அடியில் பேரழுத்தத்துடன் ஊற்றுநீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பெயர்ந்து வெள்ளம் புகுந்துவிடும். எனவே இரவும் பகலும் பம்புகள் ஓடியாக வேண்டும். அந்த நீர் மின்நிலையத்துக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது என்பது உண்மை. சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்ற விவசாயிகளின் நெடுநாள் முறையீட்டையும் அதே கனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கம் நகர நகர ஊர்களும் நகர வேண்டியிருக்கிறது. லிக்னைட்டைத் தொடுவதற்குமுன் பல மடங்கு மேல்மண்ணை ராட்சதச் சக்கர எந்திரங்கள் வெட்டி அகற்றுகின்றன. அந்த மேல்மண்தான் வயலாக இருந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்கு வழிவிட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சை மாறாமல் நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின.