சவுத்வோல்டு கடற்கரையில் மூன்று சின்ன கிளாஸ்



இன்றைய பதிவு பீரைப் பற்றியது. "வாத்தியாருக்கு வயசான காலத்தில் என்ன ஆச்சு?" என்று ஊரில் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். வரலாற்றுப் பாடம் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்வேன்.

மகள் வீடு இப்ஸ்விச்சில். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் வடக்கே போனால் சவுத்வோல்டு என்ற சின்னக் கடலோர ஊர். ஊருக்கு நடுவிலேயே, வீடுகளுக்கு மத்தியில், வெள்ளைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் காலடியில் சோல் பே இன் என்ற பப். பப் என்றால் நம் ஊர் பார் மாதிரி இருட்டறை இல்லை. பாட்டி பேரனோடு உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடுகிறார், மேஜைக்கு அடியில் நாய் தூங்குகிறது.

இந்த ஊரில் பீர் காய்ச்சுவது நேற்று வந்த தொழில் இல்லை. 1345-ல் ஜோஹன்னா என்ற பெண்ணும் வேறு சில பெண்களும் முத்திரை இல்லாத அளவைகளில் ஏல் விற்றதாக வழக்கில் மாட்டினார்கள். ஆமாம், பெண்கள்தான். அந்தக் காலத்தில் அது வீட்டு அடுப்படி வேலை. ஏல் என்பது பார்லியை முளைகட்டி, காய்ச்சி, புளிக்க வைத்த பானம். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ இங்கே பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே பதினைந்தாம் நூற்றாண்டில், கடலுக்கு அந்தப் பக்கமிருந்துதான்.

1872-ல் ஜார்ஜ், எர்னஸ்ட் என்ற ஆட்னம்ஸ் சகோதரர்கள் இங்கிருந்த ஆலையை வாங்கினார்கள். ஜார்ஜுக்கு ஊர் பிடிக்காமல் ஆப்பிரிக்கா போனாராம், அங்கே முதலை தின்றுவிட்டதாம். கம்பெனியே சொல்லும் கதை! எர்னஸ்டின் வழியில் தொழில் நிலைத்தது. ஆலை இன்றும் பப்புக்குக் கூப்பிடு தூரத்தில்தான்.

இதை இங்கே 'ரியல் ஏல்' என்கிறார்கள். பெண்களுக்குச் சட்டென்று புரியும்படி சொல்கிறேன். தோசை மாவை அரைத்து வைத்தால் அது பானைக்குள்ளேயே புளித்துப் பொங்குகிறதே, அதே மாதிரி. ஆலையை விட்டுக் கிளம்பும்போது பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் வந்து மறுபடி கொஞ்சம் புளிக்கும், நுரை தானாக உண்டாகும். பன்னிரண்டு டிகிரி அளவில் வைத்து, தெளிந்ததும் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்த பீப்பாயை மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். மாவு மாதிரியேதான், விட்டால் புளித்துப்போகும்.

பெரிய கம்பெனிகளுக்கு இது தலைவலி. 1960-களில் அவர்கள் உள்ளூர் ஆலைகளை வரிசையாக வாங்கி மூடினார்கள். பீரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, உலோக உருளையில் அடைத்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் தள்ளி ஊற்றும் 'கெக்' முறையைக் கொண்டுவந்தார்கள். வாட்னீஸ் ரெட் பேரல் என்பது அதில் பேர்போனது. கெடாது, எல்லா ஊரிலும் ஒரே ருசி, நிலவறையில் கைப்பக்குவம் தெரிந்த ஆள் வேண்டாம். வியாபாரக் கணக்குப்படி அதில் தப்பே இல்லை என்பதுதான் விஷயம்.

1971-ல் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் இதற்காக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பேர் காம்ரா. அவர்களிடம் பணமோ பதவியோ கிடையாது. நல்ல ஏல் எந்த பப்பில் கிடைக்கும் என்று உறுப்பினர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள், 1975-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் திருவிழா நடத்தினார்கள். நிறைய ஆலைகள் போனது போனதுதான். ஆனால் மிச்சமிருந்தது பிழைத்தது. ஆலை வைத்திருந்தவர்களைவிட, காசு கொடுத்துக் குடித்தவர்கள் பிடித்த பிடிவாதம் அது.

பைண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 190 மில்லிக்குச் சற்றுக் குறைவு, என்ற சட்ட அளவில் சின்ன கிளாஸ் உண்டு. "ருசி மட்டும் பாருங்க மாமா" என்று மாப்பிள்ளை மூன்று வாங்கி வந்தார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில்! நல்லவேளை, மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாவது சவுத்வோல்டு பிட்டர், நீர்மோர் போல லேசு, கடைசியில் வேப்பம்பூக் கசப்பு. அடுத்தது கோஸ்ட் ஷிப், எலுமிச்சைத் தோல் வாசனை. மூன்றாவதுதான் வரலாற்று ஆசிரியனுக்கானது. பேர் பிராட்சைடு. கப்பலின் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து சுடுவதற்கு அந்தப் பேர். 1672-ல் இந்தக் கரைக்கு எதிரே டச்சுக் கப்பற்படை, ஆங்கிலேய பிரெஞ்சுக் கூட்டுப்படையைத் தாக்கியது. இரண்டு தரப்புமே தான்தான் ஜெயித்தேன் என்றது. அதன் 300-ஆவது ஆண்டில், 1972-ல், நினைவுக்காகக் காய்ச்சிய பீர் இது. கருத்த நிறம், கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் கலந்த மாதிரி.

இதையெல்லாம் ரசித்து எழுதுகிறேனே தவிர, குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து ரகளை செய்த இரவுக்கு மறுநாள், வகுப்பில் தலை கவிழ்ந்து தூங்கிய பிள்ளைகளை நான் எழுப்பியதில்லை. உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகள். இதைப் படிக்கிறீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இங்கிலாந்தும் அந்தக் கொடுமையைப் பார்த்த நாடுதான். 1751-ல் ஹோகார்த் என்ற ஓவியர் ஜின் சாராயத்தால் நாசமான தெருவை வரைந்தார். குடிகாரத் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் படம். பார்த்தால் மறக்காது.

அந்த பப்பில் பாட்டியையும் பேரனையும் பார்த்தபோது இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட இன்னொருவர் ஞாபகம் வந்தது. ஜார்ஜ் ஆர்வெல். பிறந்தது நம் பீகாரில், மோதிஹாரியில். அவருடைய பெற்றோர் ஓய்வுக்காலத்தில் குடியிருந்தது இதே சவுத்வோல்டில்தான். 1946-ல் தனக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். பேச முடிகிற அமைதி, வாடிக்கையாளர்களைப் பேரோடு தெரிந்து வைத்திருக்கும் பணிப்பெண்கள், பின்னால் தோட்டம், அங்கே ஊஞ்சலாடும் பிள்ளைகள். பிள்ளைகளை வெளியே நிறுத்துவதால்தான் குடும்பம் கூட வேண்டிய இடம் வெறும் குடிக்கிற இடமாகிவிடுகிறது என்பது அவர் கட்சி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், அப்படி ஒரு பப் கிடையவே கிடையாது, எல்லாம் என் கற்பனை என்று முடித்துவிட்டார்.