போர்வையும் கதையும்

ஆமிஷ் மக்களைப் பற்றிய நாவல்களைப் படிப்பதும், துண்டுத் துணிகளை இணைத்து நடுவே பஞ்சிட்டுப் போர்வை தைப்பதும் எனக்கு உவப்பான பொழுதுபோக்குகள்.

1693-இல் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மானைப் பின்பற்றிப் பிரிந்த கிறிஸ்தவக் குழுவினரே ஆமிஷ்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறினர். இப்போர்வைக் கலை அவர்கள் உடன் கொணர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலம் பேசிய அண்டை அயலாரிடம் கற்றது. பூப்போட்ட துணிகளை விலக்கி, ஒற்றை நிறத் துணிகளால் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இத்தகைய போர்வைகளையும் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது.

1997-இல் பெவர்லி லூயிஸின் ‘தி ஷன்னிங்’ வெளிவந்தபின் ஆமிஷ் நாவல்கள் பெருகின. அவற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆமிஷ்கள் அல்லர். கதை படித்தே அம்மக்களை அறிந்துவிட்டதாக முன்னர் எண்ணியிருந்தேன், அது பிழை. எதனையும் ஆக்கியவர் யார் என்று கேட்ட பின்னரே இன்று சுவைக்கிறேன்.